கேர்னல் கண்டுகொள்ளாத கமரா

அக்குறணை,
வெள்ளி, ஜும்ஆவுக்குப் பின்.

கண்ணியமிக்க மச்சான் முஹைதீன் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உங்கள் தங்கை றம்லத்தும் உயிரோடு இருக்கிறோம். அதற்கு மேல் சொல்ல நல்ல செய்தி இல்லை. திகனயில் உங்கள் முழங்கால் வருத்தம் குறைந்ததா என்று அறிய ஆவல். போனில் சொன்னால் உங்கள் காதில் பாதிதான் விழும் என்பதால் எழுதுகிறேன்.

நம் ஜஹானாவின் நிக்காஹ் மெல்பனில் முடிந்துவிட்டது. எங்களுக்கு விசா கிடைக்கவில்லை. ஆனால் வாப்பா என்ற முறையில் பெண்ணுக்கு வலி, அதாவது பொறுப்பாளி, நான்தானே. மணமுடித்துக் கொடுக்கும் பொறுப்பை என் வாயால், சபை பார்க்க, வீடியோவில் அங்குள்ள இமாமிடம் ஒப்படைக்க வேண்டும். வலி என்ற சொல்லுக்குத் தமிழில் என்ன பொருள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. றம்லத்தின் போன் முதல் நாளே அரிசி கழுவிய சட்டிக்குள் விழுந்து செத்துப்போனது, என்னுடையது பட்டன் போன், மிஞ்சியது ஜஹானா படித்த காலத்துக் கம்ப்யூட்டர் மட்டும். கண்டியிலிருந்து இளங்கோ என்ற கம்ப்யூட்டர் திருத்துபவரை வரவழைத்தேன். அவர் விண்டோஸைத் தூக்கிவிட்டு லினக்ஸ் என்று வேறொன்றைப் போட்டு, புதுக் கமராவையும் செருகி, "இனி எல்லாம் கேர்னல் பாத்துக்கும் நானா," என்றார். எந்த முகாம் கேணல் என்று கேட்டுவிட்டேன்.

"ஆமி ஆள் இல்லீங்க," என்று பொறுமையாக விளக்கினார். கம்ப்யூட்டரை இயக்கியதும் உள்ளே முதலில் எழும்புவது இந்தக் கேர்னலாம். எழும்பியதும் ஒவ்வொரு வாசலாகப் போய், செருகியிருக்கும் சாமானிடம் நீ யார் என்று கேட்குமாம். அது தன்னைச் செய்த கம்பனியின் இலக்கத்தையும் தன் இலக்கத்தையும் சொல்லுமாம். அந்தச் சாமானை நடத்தத் தெரிந்த சின்னப் புரோகிராமுக்கு டிரைவர் என்று பெயர்; இலக்கத்துக்குப் பொருத்தமான டிரைவரைத் தேடிச் சேர்த்து, ஒரு பெயரும் வைத்து, கேர்னல் வேலைக்கு விடுமாம். பொருத்தம் கிடைக்காவிட்டால் சாமான் சும்மா கிடக்க வேண்டியதுதானாம்.

"நம்மட கலியாணத் தரகர் மாதிரி," என்றாள் றம்லத்.

இளங்கோ சோதனை ஜன்னல் ஒன்றைத் திறந்து என் முகத்தைக் காட்டினார். பிறகு அதை மூடிவிட்டு, மழை வருமுன் பஸ் பிடிக்கப் போய்விட்டார்.

நிக்காஹ் நேரம் திரையில் சபை தெரிந்தது; மாப்பிள்ளையின் வாப்பா முன்வரிசைக் கதிரையில் இருந்தார். என் முகம் ஒழுங்காகப் போகிறதா என்று பார்க்க அந்தச் சோதனை ஜன்னலையும் திறந்தேன். 'கமரா இல்லை' என்றது. மூடித் திறந்தாலும் அதேதான். கமராவைப் பிடுங்கப் போன என் கையை றம்லத் தட்டிவிட்டாள். "குரலாவது போகுது. இரிக்கிறதையும் கெடுக்க வேணாம்."

ஆகவே மச்சான், ஒரே மகளை முகம் தெரியாத ஒரு கறுப்புப் பெட்டிக்குள்ளிருந்து கட்டிக் கொடுத்தேன். சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்ததும் எனக்குத் தாங்கவில்லை. யார் பார்க்கப் போகிறார்கள் என்று தொப்பியைக் கழற்றி முகத்தில் வைத்துக்கொண்டு, சத்தம் வராமல், பிள்ளை மாதிரி அழுதேன். நிமிர்ந்து பார்த்தால் மாப்பிள்ளையின் வாப்பாவைக் காணோம். என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் கதிரையோடு மறைந்துவிட்டார். பெருமை பிடித்த மனிசன். அந்த வீட்டில் நம் பிள்ளை என்ன பாடுபடப் போகிறதோ என்று இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. முகமில்லாத வாப்பாவின் மகளை யார்தான் மதிப்பார்கள்?

உங்கள் துஆவில் அவளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மச்சிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஸலாம். அல்லாஹ் உங்கள் முழங்காலுக்கு ஷிபா தருவானாக.

இப்படிக்கு,
மஹ்ரூப்

பி.கு: உறையை ஒட்டப் போகும்போது ஜஹானா பட்டன் போனுக்கு எடுத்தாள். கமராவை இந்தக் கேர்னல் முறை ஒரு நேரத்தில் ஒரு புரோகிராமுக்குத்தான் விட்டதாம். சபைக்கு முதலில் கொடுத்துவிட்டதால்தான் சோதனை ஜன்னலுக்கு இல்லையென்று கைவிரித்ததாம். தொடக்கம் முதல் முடிவு வரை முழுச் சபையும் என்னைப் பெரிய திரையில் பார்த்திருக்கிறது. சம்பந்தியைப் பற்றி மேலே எழுதியதைத் தயவுசெய்து நீங்கள் வாசிக்கவில்லை.

"நீங்க அழுத நேரம் மாமா கதிரையத் தூக்கிட்டு வந்து திரைக்குக் கிட்ட, உங்கட பக்கத்துல உக்காந்துட்டார் வாப்பா," என்றாள். "முடியுமட்டும் எழும்பவே இல்ல."