கனகசபாபதிக்கு வந்த பி12 குறைபாடு

நல்லூர் முருகன் கோயிலில் கொடி ஏறின அன்றைக்கே இணுவில் கனகசபாபதி வீட்டு மீன்சட்டி பரணுக்கு ஏறிவிட்டது. திருவிழா முடியும்வரை மீன், இறைச்சி என்று ஒரு மச்சமும் கிடையாது. அது மனைவி பத்மாசினியின் சட்டம். மனுசனுக்கோ விளைமீன் குழம்பு இல்லாமல் ஒரே அந்தரம். இருக்கிறார், எழும்புகிறார், வாசல் படலையடிக்குப் போகிறார், மீன் பிடிக்கிற குருநகர்ப் பக்கத்துக் காற்று வருகுதோ என்று மூக்கை நீட்டுகிறார், திரும்ப வந்து இருக்கிறார். பாவம்தான், என்ன செய்ய!

கடைசியில் போனில் ஒரு வீடியோ பார்த்தார். முகம் மலர்ந்தது.

"இஞ்சாரும் பத்மா, எனக்குக் கை காலெல்லாம் விறைக்குது. இரத்தம் சோதிச்சனான். விற்றமின் பி12 குறைவாம்."

"ஐயோ! என்ன செய்யிறது?"

"மீன்தான் தின்னோணும். மரக்கறியிலை அது மருந்துக்கும் இல்லை."

"பூசணிக்காய்?"

"அதிலை ஏ."

"நெல்லிக்காய்?"

"அதிலை சி."

"பால், தயிர்?"

"இருக்குத்தான்... ஆனா பால் எனக்கு வயித்தைப் பிரட்டும்."

"ராத்திரி ஒரு செம்பு குடிச்சியளே?"

"அதுதான் இப்ப பிரட்டுது!"

 பத்மாசினி போனை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனாள். மீன்காரனுக்குத்தான் சொல்லப்போகிறாள் என்று கனகசபாபதிக்கு உச்சி குளிர்ந்தது. குழம்புக்குப் புளி விடத் தேசிக்காய் பிடுங்கக்கூடப் போய்விட்டார்.

படலை திறந்தது. வந்தது மீன்காரன் இல்லை, பக்கத்து வீட்டுத் தாதி றொசாந்தி. கையில் மருந்துப் பெட்டி.

"அக்கா சொன்னவ, அண்ணை. பி12 ஊசி இருக்கு. மீனைவிடக் கெதியா வேலை செய்யும். கையைக் காட்டுங்கோ."

ஊசி என்றால் மனுசனுக்குக் குலைநடுக்கம். கொரோனா ஊசிக்கே மூன்று பேர் அமத்திப் பிடித்தவர்கள். றொசாந்தி பஞ்சை நனைத்தாள். ஸ்பிரிட் வாசம் மூக்கில் ஏற, கால் தானாகப் பின்னுக்குப் போனது.

"வேண்டாம் தங்கச்சி! எனக்கு ஒரு குறையுமில்லை!"

"அப்ப விறைப்பு?" என்றாள் பத்மாசினி.

"விறைப்புமில்லை, சோதிக்கவுமில்லை! ஆள் கல்லுப்போல இருக்கிறன். இஞ்சையிருந்து நல்லூர் மட்டும் ஓடிக் காட்டட்டோ?"

"கொடி ஏறின நேரம். முருகனாணைச் சத்தியமோ?"

"முருகனாணைச் சத்தியம்!"

றொசாந்தி சிரிப்பை அடக்கிக்கொண்டு பெட்டியை மூடினாள். கனகசபாபதி பெருமூச்சு விட்டார்.

"மச்சமில்லாமலே கல்லுப்போல இருக்கிறியளெண்டால் நல்லதாப் போச்சு," என்றாள் பத்மாசினி. "இனி வருசம் முழுக்கச் சைவம்தானப்பா!"