பூட்டியவளுக்கே திறக்காத கொம்பியூட்டர்

பூட்டுப் போடுகிறவர்களுக்கு அதைத் திறக்கவும் தெரிந்திருக்கும் என்று உலகம் நம்பிக்கொண்டிருக்கிறது. அந்த நம்பிக்கையைத் திருகோணமலையில் வைத்து உடைத்தவள் நான். அதுவும் கடற்படையின் காவலரணுக்குள், ஓர் அதிகாரியின் முன்னால், மாமாவையும் பக்கத்தில் நிறுத்தி வைத்துக்கொண்டு உடைத்தேன்.

சமாதானப் பேச்சு முறிந்து சண்டை திரும்பவும் தொடங்கியிருந்த காலம். துறைமுகத்துக்குக் கிட்ட இருந்த ஒரு மீனவர் சங்கத்தின் கந்தோரில் எனக்கு வேலை. சங்கத் தலைவர் செல்லத்துரை மாமா, அம்மாவின் ஒன்றுவிட்ட தம்பி. (ஓம், வேலை அப்படித்தான் கிடைத்தது. திறமையால் கிடைத்தது என்று எழுத ஆசைதான். ஆனால் மாமா இன்னும் உயிரோடு இருக்கிறார், இதை வாசிப்பார்.) யாரோ அன்பளிப்பாகக் கொடுத்த கொம்பியூட்டர் ஒன்று அங்கே இருந்தது. தமிழில் தட்டெழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்பதால் அந்தப் பெட்டிக்கு நான்தான் ராணி. ராணிக்கு இருந்த ஒரே தொல்லை மாமா. நான் சாப்பிடப் போகும் நேரம் பார்த்து என் கதிரையில் வந்து உட்கார்ந்து சீட்டு விளையாடுவார். எழும்பிப் போகும்போது எதையாவது அழுத்தி, நான் அடித்து வைத்ததை எங்கேயாவது தள்ளிவிட்டுப் போவார்.

ஒரு வெள்ளிக்கிழமை எனக்குப் பொறுமை போய்விட்டது. கடவுச்சொல் போட்டேன். மாமாவின் சொந்த வள்ளத்தின் பெயரையே போட்டேன். மற்றவர்களின் வள்ளங்களை எல்லாம் யோசித்துப் பார்ப்பார், தன்னுடையதை மட்டும் யோசிக்கமாட்டார் என்பது என் கணிப்பு. புதுச் சொல்லை இரண்டு தரம் அடிக்கச் சொன்னது. மளமளவென்று இரண்டு தரமும் அடித்தேன். எழுத்துக்குப் பதில் நட்சத்திரங்கள்தான் தெரிந்தன. எனக்கென்ன, விசைப்பலகையைப் பார்க்காமலே அடிக்கிறவள் அல்லவா? தலையை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

திங்கட்கிழமை காலை வந்து வள்ளத்தின் பெயரை அடித்தேன். பிழை என்றது. திரும்ப அடித்தேன். திரும்பவும் பிழை என்றது.

வேறு நாளென்றால் பரவாயில்லை. அந்த நாட்களில் கடலில் இறங்கக் கடற்படையின் பாஸ் வேண்டும். பழைய பாஸ் அன்றோடு முடிகிறது. எந்த வள்ளத்தில் யார் யார் போகிறார்கள் என்ற விபரங்களை அடித்து அன்று பின்னேரத்துக்குள் முகாமில் கொடுத்தால்தான் மறுநாள் வள்ளங்கள் இறங்கலாம். பாஸ் இல்லாமல் இறங்கினால் சுடுவார்கள். இறங்காமல் இருந்தால் அத்தனை வீட்டிலும் அடுப்பு எரியாது. விபரங்கள் முழுவதும் பூட்டிய பெட்டிக்குள் இருந்தன. (வெள்ளிக்கிழமையே அச்சடித்திருக்கலாமே என்கிறீர்களா? பிரிண்டருக்கு மை திங்கட்கிழமைதான் வந்தது.) கையால் எழுதிய பிரதிகளை, கொம்பியூட்டர் இருக்கும்போது குப்பை எதற்கு என்று கிழித்துப் போட்டவளும் நான்தான்.

மாமா வந்து பின்னால் நின்றார்.

"என்ன பிள்ளை, திறக்குதில்லையோ?"

"பாஸ்வேர்ட் மறந்துபோச்சு மாமா."

"ஆர் போட்டது?"

"நான்தான் போட்டனான்."

மாமா குனிந்து திரையைப் பார்த்தார். "அப்ப நீ போட்டதைத்தானே அது கேக்குது? வேற ஆரும் போட்டதைக் கேக்கேல்லையே?"

நான் விடவில்லை. என் மூளை என்னை ஏமாற்றுகிறது, வேறு ஏதோ பெயரைத்தான் போட்டிருக்கிறேன் என்று முடிவெடுத்தேன். சங்கத்திலுள்ள எல்லா வள்ளங்களின் பெயரையும், அம்மாவின் பெயரையும், மாமியின் பெயரையும், தெரிந்த தெய்வங்கள் அத்தனை பேரையும் அடித்துப் பார்த்தேன். ஒற்றை விரலால், ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்துப் பார்த்து அடித்தேன். ஒருவரும் இரங்கவில்லை. வாசலில் மீனவர்கள் கூடத் தொடங்கினார்கள். ஒருவரும் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

நகரத்தில் கொம்பியூட்டர் திருத்துகிற கடை ஒன்று இருந்தது. போன் எடுத்தேன். "கொண்டு வாங்கோ. ஆனா திறக்க வெளிக்கிட்டா உள்ள இருக்கிறது எல்லாம் அழிஞ்சும் போகலாம்," என்றார் கடைக்காரர்.

"அழியாமலும் போகலாம்தானே?" என்று கேட்டேன்.

"போகலாம்," என்றார். எனக்கு அது போதும்.

ஒரு ஓட்டோ பிடித்தோம். பெட்டியை விசைப்பலகையோடு சேர்த்து, மாமா உடுத்திப் பழசான சாரத்தால் சுற்றி அவர் மடியில் வைத்தேன். திரையை நான் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அந்தக் காலத்துத் திரை, உரலின் பாரம். போர்க்காலத்தில், துறைமுகத்துக்குப் பக்கத்தில், சாரத்தால் சுற்றிய பெட்டியுடன் ஒரு மனிதன் ஓட்டோவில் போனால் பார்க்கிறவர்களுக்கு என்ன தோன்றும் என்று இப்போது எனக்கு விளங்குகிறது. அப்போது விளங்கவில்லை. முதல் சென்றிக் காவலரணிலேயே மறித்தார்கள்.

"என்ன இது?" அதிகாரிக்குக் கொஞ்சம் தமிழ் தெரிந்திருந்தது.

"கொம்பியூட்டர் சேர்."

"ஓன் பண்ணிக் காட்டுங்க."

மண்மூட்டைகளுக்குப் பின்னால் இருந்த காவலரணில் ஒரேயொரு பிளக் பொயிண்ட்தான். அதில் ஒரு மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. ஒரு சிப்பாய் அதைக் கழற்றிவிட்டு எங்கள் வயரைச் செருகினான். அந்த வெயிலில் காற்றை நிறுத்தியதற்கே எங்களைப் பிடித்து வைப்பான் போல இருந்தது அவன் பார்வை. கொம்பியூட்டர் கிர்ரென்று எழும்பி, அமைதியாக என்னிடம் கடவுச்சொல்லைக் கேட்டது.

"போடுங்க," என்றார் அதிகாரி.

"தெரியாது சேர்."

"யாருடையது இது?"

"எங்கட சங்கத்தின்ர."

"பாஸ்வேர்ட் போட்டது யார்?"

"நான்தான்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு மாமாவைப் பார்த்தார். நான் சொன்னது முழு உண்மை. ஆனால் எனக்கே அது பச்சைப் பொய் போலக் கேட்டது. நிலைமையைச் சரிக்கட்டுவதற்காக மாமா முன்னுக்கு வந்தார்.

"சேர், பிழையான சாமான் ஒண்டும் இல்ல. எங்கட பெடியள் முழுப்பேரின்ர பேரும் இதுக்குள்ளதான் இருக்கு. எந்தப் போட்டில ஆர் போறது எண்டும் இருக்கு. அதை வெளியில எடுக்கத்தான் போறம்."

மாமா நல்ல மனிதர். மீன்பிடிக்கிற பெடியளைத்தான் சொன்னார்; ஆனால் அந்த நாட்களில் 'பெடியள்' என்றால் இயக்கத்துப் பெடியள். அதைவிடப் பயங்கரமான ஒரு வசனத்தை அந்த இடத்தில் சொல்ல வேறு ஒருவராலும் ஏலாது. பக்கத்தில் நின்ற சிப்பாய் துவக்கைச் சரிப்படுத்திக்கொண்டான். அந்த நாட்களில் காவலரணுக்குள் போன ஆண்களில் சிலர் திரும்பி வரவேயில்லை. என் ஒரு சீட்டுக்கட்டுக் கோபத்துக்காக மாமாவைக் கொண்டுபோய்விடப் போகிறார்கள் என்று நினைத்தபோது எனக்கு அழுகை வந்தது. அழுதால் இன்னும் சந்தேகப்படுவார்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அதிகாரி ஒரு வெள்ளைத்தாளையும் பேனையையும் என்முன் வைத்தார். "நீங்க யார், இதுக்குள்ள என்ன, எங்க கொண்டு போறீங்க, எல்லாம் எழுதுங்க. தமிழ்ல எழுதுங்க, ஆள் வந்து வாசிப்பார்."

குனிந்து எழுதத் தொடங்கினேன். உடனே அவர் விரல் தாளின் உச்சியில் வந்து நின்றது.

"இது என்ன? நம்பரா? ஏதும் அடையாளமா?"

பார்த்தேன். தாளின் தலையில், நடுவாக, ஒரு 'உ'. நான் போட்டதே எனக்குத் தெரியாது.

"பிள்ளையார் சுழி சேர். எது எழுதத் தொடங்கினாலும் முதல்ல பிள்ளையாருக்கு இதைப் போடுவம்."

"கண தெய்யோ?" என்று சிங்களத்தில் கேட்டார். அவர் முகம் கொஞ்சம் இளகியது. அவர்களும் கும்பிடுகிற சாமிதானே. "எல்லாத்திலயும் போடுவீங்களா? கொம்பியூட்டர்லயும்?"

"ஓம் சேர்," என்றேன். சொன்ன வாய் மூடவில்லை.

கந்தோரில் நான் அடிக்கும் ஒவ்வொரு கடிதத்துக்கும் முதல் எழுத்து அதுதான். எங்கள் தமிழ் எழுத்துருவில் ஆங்கில c விசையை அழுத்தினால் 'உ' விழும். புதுத்தாள் திறந்தால் என் இடதுகை விரல் என்னைக் கேட்காமலே அங்கே போய்விடும். வெள்ளிக்கிழமையும் அப்படித்தான் போயிருக்கிறது. புதுச் சொல், வெறும் கட்டம். ஒரு தரம் இல்லை, இரண்டு தரமும் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டுத்தான் தொடங்கியிருக்கிறேன். நட்சத்திரத்துக்குள் யாருக்கு என்ன தெரியும்? திங்கட்கிழமை திறக்கும்போது விரல் அங்கே போகவில்லை. தொடங்கும்போதுதான் சுழி போடுவார்கள், பூட்டுத் திறக்க யார் போடுவார்கள்?

பேனையை வைத்துவிட்டு விசைப்பலகையை இழுத்தேன். சிப்பாய் ஏதோ கத்தினான். அதிகாரி கையைக் காட்டி அவனை நிறுத்தினார். முதலில் c. பிறகு வள்ளத்தின் பெயர். கொம்பியூட்டர் திறந்தது.

"அட, அது என்ர வள்ளத்தின்ர பேரெல்லோ?" என்றார் மாமா. துவக்குக்கு முன்னால் நின்றுகொண்டு மனிதருக்கு அதுதான் கவலை.

அதிகாரி பட்டியலை மேலிருந்து கீழே வாசித்தார். பிறகு, "இதை யாருக்குக் கொடுக்கணும்?" என்று கேட்டார்.

"உங்கட முகாமுக்குத்தான் சேர். இண்டைக்குப் பின்னேரத்துக்குள்ள."

அவர் சிரிக்கவில்லை. ஆனால் சிரிப்பை எங்கேயோ வைத்துப் பூட்டிய மாதிரி இருந்தது. "அப்ப ஏன் டவுனுக்குப் போறீங்க? திரும்பிப் போய் பிரிண்ட் எடுங்க," என்றார். சிப்பாய் நாங்கள் வயரைக் கழற்றும்வரைகூடப் பொறுக்கவில்லை; தானே பிடுங்கி மின்விசிறியைச் செருகிக்கொண்டான்.

பட்டியல் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. மறுநாள் வள்ளங்கள் இறங்கின. மாமா எனக்கு ஒரு பெரிய பாரைமீன் கொண்டுவந்து தந்துவிட்டு, அன்று மத்தியானமே என் கதிரையில் உட்கார்ந்து சீட்டு விளையாடினார். இப்போது அவருக்குக் கடவுச்சொல்லும் தெரியும்.

அதற்குப் பிறகு எங்கள் சொந்தத்துக்குள் எது திறக்காவிட்டாலும், "சுழியைப் போட்டியோ?" என்பதுதான் முதல் கேள்வி. ஒருமுறை கலியாண வீட்டில் கூறைச்சேலை இருந்த அலுமாரி இறுகிக்கொண்டு திறக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் பார்த்துக்கொண்டிருக்க, மாமா சுண்ணாம்பால் அலுமாரிக் கதவில் பெரிதாக ஓர் 'உ' எழுதிவிட்டு, "இனித் திருகு பிள்ளை" என்று திறப்பை என்னிடம் தந்தார். கைபேசி, வங்கி, மின்னஞ்சல் என்று காலம் மாறியபோது ஒன்றுவிட்ட தம்பி, தங்கை, அவர்களின் பிள்ளைகள் வரை எல்லோரும் கடவுச்சொல்லை c-இல்தான் தொடங்கினார்கள்.

இந்தக் கட்டுரையை முதலில் வாசித்தவள் என் மகள். "அம்மா, இதை அச்சில போட்டா எங்கட எல்லாற்ற பாஸ்வேர்டிலயும் முதல் எழுத்து ஊருக்கே தெரிஞ்சிடும். உடன மாத்தச் சொல்லுங்கோ," என்றாள். சொன்னேன். எல்லோரும் மாற்றிவிட்டார்கள். நான் மட்டும் மாற்றவில்லை. மாற்றினால் மறந்துவிடுவேன்.