எலுமிச்சைக்கும் மண்புழுவுக்கும் ஆகாது

"நீங்கள் எப்போதும் பாதிதான் கேட்பீர்கள்" என்று மண்புழு எழுதியிருந்தார்.

"காது கொடுத்துக் கேட்கிற மாதிரி என்றைக்குப் பேசினீர்கள்?" என்று எலுமிச்சை பதில் போட்டிருந்தார்.

போனைப் பார்த்த கண்ணாடியக்கா தலையில் அடித்துக்கொண்டாள். எதிரே புது மூக்குக்கண்ணாடியை மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்த வாடிக்கையாளர், தனக்கு அவ்வளவு மோசமாகவா இருக்கிறது என்று பயந்து கழற்றி வைத்துவிட்டார்.

சண்டை வேறொன்றும் இல்லை. தொட்டிச் செடிக்குத் தண்ணீர் காலையில் ஊற்றுவதா, மாலையில் ஊற்றுவதா? எலுமிச்சை காலைக் கட்சி, மண்புழு மாலைக் கட்சி. இணையத்தில் இருக்கும் தொட்டிச்செடி மன்றமே இதனால் இரண்டுபட்டுக் கிடந்தது. அங்கே யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பதால் இவள் கண்ணாடியக்கா. வம்பு வந்தால் விலக்கிவிடும் மட்டுறுத்துநர் பொறுப்பும் இவள் தலையில்தான். சம்பளம் கிடையாது, திட்டு மட்டும் தாராளமாகக் கிடைக்கும்.

மன்றத்தை ஆரம்பித்த தச்சர் போனில் கூப்பிட்டார். "ஆளாளுக்கு என்கிட்ட வந்து புகார் சொல்றாங்கம்மா. எனக்கு இழைப்புளி பிடிக்கவே கை வரல. இந்த வாரத்துக்குள்ள அடங்கலைன்னா மன்றத்தை இழுத்து மூடிடுவேன்."

"ஐயோ, மூடிடாதீங்கண்ணா! நான் பாத்துக்கறேன்."

அந்த மன்றம் அவளுக்குச் சாதாரண இடம் இல்லை. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த புதிதில் பேச்சுத்துணைக்கு ஓர் ஆள் கிடையாது. ஜன்னலோரச் செடி வாடுகிறதே என்று ஒருநாள் மன்றத்தில் எழுதினாள். முகம் தெரியாத யாரோ, "செடி கிடக்கட்டும், நீங்க நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டார்கள். செடி பிழைக்கவில்லை, அவள் பிழைத்துக்கொண்டாள். அந்த நன்றி அவளுக்கு இன்னும் ஈரமாகவே இருந்தது. இங்கே வந்தவர் யாரையும் வெளியே அனுப்புவதில்லை என்று வைராக்கியமாக இருந்தாள்.

முதலில், எல்லோரும் மரியாதையாகத்தான் எழுதவேண்டும் என்று விதி போட்டாள்.

"மதிப்பிற்குரிய மண்புழு அவர்களே, தங்கள் அறியாமையின் முன் தலைவணங்குகிறேன்."

"பெருந்தகை எலுமிச்சை அவர்களே, தலை இருப்பதைத் தெரிவித்தமைக்கு நன்றி."

இது மற்றவர்களுக்கும் பிடித்துப்போயிற்று. உரம் எங்கே கிடைக்கும் என்று கேட்ட ஓர் அப்பாவியை, கூட்டமாகச் சேர்ந்து மரியாதை செய்தே அழவைத்துவிட்டார்கள்.

"ரெண்டு பேரையும் தூக்கி வெளிய போடு, சோலி முடிஞ்சுது" என்றார் கணவர்.

"மாட்டேங்க. ஒருத்தர் சொல்றது இன்னொருத்தருக்குப் புரியல, அவ்வளவுதான்."

"நல்லாப் புரிஞ்சதாலதான் சண்டையே போடறாங்க."

அவள் கேட்கவில்லை. அடுத்த விதியைப் போட்டாள்: எதிராளியின் கருத்தை முதலில் நீங்கள் எடுத்துச் சொல்லவேண்டும். "ஆமாம், இதைத்தான் சொன்னேன்" என்று அவர் ஒப்புக்கொண்ட பிறகே உங்கள் பதில்.

"மண்புழு சொல்வது இதுதான்: செடி செத்தாலும் பரவாயில்லை, அவர் தூக்கம் கெடக்கூடாது."

"நான் அப்படிச் சொல்லவில்லை."

"சொல்லவில்லை, நினைத்தீர்கள்."

அதுவரை சொன்னதற்கு நடந்த சண்டை, அன்றிலிருந்து சொல்லாததற்கும் நடந்தது. ஆனாலும் விடாமல் எழுதி எழுதி இருவரும் தேறிவிட்டார்கள். ஒருநாள் எலுமிச்சை, வெயிலில் காய்ந்த செடி மாலைத் தண்ணீருக்கு எப்படி ஏங்கும் என்று உருகி எழுதினார். மண்புழு ஒரே வார்த்தை போட்டார்: "ஆமாம்." கண்ணாடியக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது.

கண்ணீர் காய்வதற்குள் அடுத்த கூத்து. எதிராளிக்காக வாதாடி வாதாடி இருவருமே கட்சி மாறியிருந்தார்கள்.

"யோசித்துப் பார்த்தால் காலைதான் சரி" என்றார் மண்புழு.

"மாலை என்று சொன்னதே நீங்கள்தானே!" என்று எகிறினார் எலுமிச்சை.

நம்பி வந்த ஆதரவாளர்கள் நட்டாற்றில் நின்றார்கள். பாதிப் பேர் தலைவரோடு போனார்கள், பாதிப் பேர் கொள்கையோடு தங்கினார்கள்.

"இப்ப நாலு கட்சியாயிடுச்சும்மா" என்று தச்சர் போனிலேயே முனகினார். "நாளைக்கு மூடிடறேன்."

வேறு வழி தெரியவில்லை. மண்புழு "கடைசியாக ஒன்றே ஒன்று சொல்லிக்கொள்கிறேன்" என்று ஆரம்பித்திருந்த நேரத்தில், கண்ணாடியக்கா அழுதுகொண்டே இருவருக்கும் தடை போட்டாள்.

மன்றம் அமைதியானது. தச்சர் நன்றி சொன்னார். எல்லோரும் நன்றி சொன்னார்கள். ஒவ்வொரு நன்றியும் அவளைக் குத்தியது.

"என்னைச் சேத்துக்கிட்ட இடத்துலேருந்து ரெண்டு பேரைக் கழுத்தைப் பிடிச்சுத் தள்ளிட்டேனே" என்று கணவரிடம் புலம்பினாள். யோசனை சொன்னவர் அவர்தான் என்பதால் எழுந்து காபி போடப் போய்விட்டார்.

மறுநாள் ஓர் இளம்பெண் பூத்த தொட்டிச் செடியோடு கடைக்கு வந்தாள். "நீங்கதானே கண்ணாடியக்கா? மன்றத்துல கடைப் படம் போட்டிருந்தீங்களே, அதை வெச்சுத்தான் வந்தேன். மண்புழு, எலுமிச்சை ரெண்டு பேருக்கும் வேண்டியவ நான்."

கண்ணாடியக்கா அவசரமாக எழுந்தாள். "மன்னிச்சிடும்மா. மனசே கேக்கல எனக்கு. இதோ, இப்பவே தடையை எடுத்துடறேன்" என்று போனைத் தேடினாள்.

அந்தப் பெண் பாய்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயையோ, எடுத்துடாதீங்கக்கா! அப்பா மாடியில, அம்மா கீழன்னு வருஷக்கணக்கா முகம் குடுத்துப் பேசாம இருந்தாங்க. மன்றத்துல எழுத முடியலைன்னுதான் நேத்து அப்பா பதில் சொல்லப் படியிறங்கி வந்தாரு, ரெண்டு பேரும் இன்னும் பேசிக்கிட்டே இருக்காங்க!"