பாலம் கட்டின துரைக்கு மூஞ்சி வச்ச கதை

அன்னிக்கு எனக்குக் குடுத்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். மலைக்குப் போய் ஒரு போட்டோ வாங்கிட்டு வரணும்.

எண்பதுகள்ல நான் ரயில்வே ஆபீஸ்ல தற்காலிக கிளார்க். ஆத்துப் பாலத்துக்கு நூறு வயசு, விழா எடுக்கிறாங்க. அதைக் கட்டின வெள்ளைக்கார இன்ஜினியர் படம் வேணும்னாரு அதிகாரி. ரெக்கார்டு ரூம்ல தேடினேன். வரைபடம், போட்டோ எல்லாத்தையும் கரையான் படிச்சு முடிச்சிருந்தது!

"படம் வந்தா வேலை பர்மனென்ட். வரலைன்னா வூட்லயே இருந்துக்கோ"ன்னாரு.

மலை மேல புதூர்நாட்டுல ஒரு வூட்ல படம் இருக்குதாம். ஜீப்புல புளி மூட்டை மேல உக்காந்து போனேன். வூட்டுக்காரரோட கொள்ளுத்தாத்தா பாலத்துக்கு மரம் வெட்டிக் குடுத்தவரு. துரை சந்தோஷத்துல குடுத்த படமாம். இவங்க அதைச் சாமி மாடத்துல வச்சு, வெள்ளிக்கு வெள்ளி பொட்டு வச்சு, மூஞ்சி முழுக்கக் குங்குமம்!

"அண்ணே, மூஞ்சி தெரியணுமே."

"அவ்ளோதானே? நீங்க களி சாப்டுங்க சார். நான் தேச்சுத் தர்றேன்."

நானும் சாமைக் களியை ஒரு கட்டு கட்டிட்டு வந்தேன். மனுஷன் குத்துவிளக்கு தேய்க்கிற மாதிரி புளி போட்டுத் தேச்சிருக்காரு! பாலம் இருக்குது. துரையோட தொப்பி இருக்குது, பூட்ஸ் இருக்குது. மூஞ்சியைத்தான் காணோம்.

"இன்னாண்ணே இது?"

"சுத்தமா பூட்ச்சி சார்! பூஜைப் படம், விழா முடிஞ்சதும் திருப்பிக் குடுத்துடணும்."

அதிகாரிகிட்ட இதை நீட்டினா என் கதை முடிஞ்சுது. நேரா ஸ்டுடியோக்காரர்கிட்ட ஓடினேன். "ஒரு மூஞ்சி வரைஞ்சு குடுங்க!"

"யாரு மாதிரி?"

எவனுக்குத் தெரியும்? கையில விழா நோட்டீஸ் இருந்தது, அதுல அதிகாரி சிரிச்சிக்கிட்டு இருந்தாரு. அதையே காட்டிட்டேன்.

விழாவுல அதிகாரி படத்தை உத்து உத்துப் பாத்தாரு. நான் மெல்ல கூட்டத்துக்குப் பின்னால நகர்ந்தேன்.

"இன்னா ஒரு களை! மேதைங்கன்னா மூஞ்சியிலயே தெரியும்யா"ன்னாரு. வேலை பர்மனென்ட்!

சொன்னபடி படத்தை மலையில திருப்பிக் குடுத்தேன். வூட்டுக்காரரு புது மூஞ்சியைப் பாத்து பக்தியா கன்னத்துல போட்டுக்கிட்டாரு.

அதிகாரி அப்புறமும் ரொம்ப வருஷம் கல்லு மாதிரி உயிரோட இருந்தாரு. மலையில மட்டும் அவருக்கு வாராவாரம் மாலை போட்டு ஊதுபத்தி கொளுத்தினாங்க.