பூபதியின் கண்ணுக்கு ஒரு மாணிக்கம்

நாமக்கல்லில் ஒரு கல்யாண மண்டபம். அன்று கல்யாணம் இல்லை. ஆனாலும் தலையில் மிளகாய் அரைத்துக்கொள்ளத் தலைகள் வரிசையில் நின்றன. ஆத்தூரிலிருந்து ஜவ்வரிசி ஆலைக்காரர், மேச்சேரியிலிருந்து ஆட்டு வியாபாரி, சேந்தமங்கலத்திலிருந்து வேன் பிடித்து வந்த ஒரு முழுக் குடும்பம். வாசல் பேனரில் 'ரத்தினச் செம்மல்' குருமூர்த்தி பத்து விரலிலும் மோதிரம் மின்னச் சிரித்தார். கல்யாணம் கைகூட, வழக்கில் வெல்ல, ஆழ்துளைக் கிணற்றில் தண்ணீர் பொங்க, எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு கல் இருந்தது. மண்டப வாடகையைக் குறைக்க மட்டும் கல் இல்லை போலும். அதற்கு வாயால்தான் பேரம் பேசினாராம்.

கூட்டத்தில் ஒருவன் லாரி ஓட்டுநர் பூபதி. இடது கண்ணில் புரை. எதிரே வரும் விளக்கொளி பஞ்சு வெடித்ததுபோல் சிதறித் தெரியும். மருத்துவர் அறுவைக்கு நாள் குறித்திருந்தார். கொல்லிமலை வளைவுகளில் பாரத்தோடு இறங்கியவன்தான். ஆனால் கத்தி என்றதும் அவன் வீரம் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டது. அந்த நேரம் பார்த்துச் செம்மலின் காணொளி கைப்பேசிக்கு வந்தது. கண்ணுக்கு அதிபதி சூரியன். சூரியனுக்கு உரியது மாணிக்கம். ஒரு மண்டலம் அணிந்தால் புரை தானே கரைந்துவிடும். போதாதா? அறுவைக்கு வைத்திருந்த பணத்தோடு புறப்பட்டான். மோதிரம் விரலில் ஏறியதும் ஜவ்வரிசி லோடோடு நாக்பூருக்குக் கிளம்புவதாகத் திட்டம். அந்தக் கண்ணோடு! தடுத்துப் பார்த்துத் தோற்ற மனைவி மஞ்சுளா கூடவே வந்தாள்.

அவளுக்குக் கல்லின்மேல் பகை ஏதும் இல்லை. அவள் காதிலேயே சிவப்புக்கல் கம்மல். நிறம் பிடித்திருக்கிறதா, கீறல் உண்டா, பதித்த கல் ஆடுகிறதா, அசல் என்பதற்கு ஆய்வுக்கூடச் சான்று இருக்கிறதா என்றெல்லாம் பார்த்து, ரசீது கேட்டு வாங்குபவள். கல்லிடம் அழகைத் தவிர வேறெதையும் அவள் எதிர்பார்த்ததில்லை.

மேடையில் சோதனை நடந்தது. ஒருவரை வலக்கையை நீட்டச் சொல்லிச் செம்மல் இரண்டு விரலால் அழுத்துவார். கை பொத்தென்று இறங்கும். இடக்கையில் ராசிக்கல்லைக் கொடுத்து மறுபடி அழுத்துவார். வலக்கை இரும்புத் தூணாய் நிற்கும். கல்லின் கதிர் நரம்பில் ஏறுகிறதாம். கதிர் ஏறியதோ இல்லையோ, விலை ஏறியது.

பூபதியின் முறை வந்தது. வெறுங்கை விழுந்தது, மாணிக்கம் வந்ததும் நின்றது. தன் கையைத் தானே வியந்து பார்த்தவன் மறு கையால் பணத்தைத் தடவினான். மஞ்சுளா மேடையேறினாள்.

"ஏனுங்க, காயிதத்துல மடிச்சு வெச்சாலும் இந்தக் கல்லு வேலை செய்யுமுங்களா?"

"ஏழு சுவத்துக்கு அந்தப் பக்கம் வெச்சாலும் கதிர் பாயும், அம்மணி."

இந்தச் சோதனையைக் காணொளியில் அவளும் பார்த்திருந்தாள்; ஆகவே ஏற்பாட்டோடு வந்திருந்தாள். மாணிக்கத்தை வாங்கிப் பஞ்சு சுற்றி, காகிதத்தில் மடித்தாள். பையிலிருந்து எடுத்த வேறு இரண்டு துண்டுகளையும், என்னவென்று யாருக்கும் காட்டாமல், அப்படியே மடித்தாள். மூன்று பொட்டலங்களையும் மேச்சேரி வியாபாரியிடம் கொடுத்தாள். சந்தையில் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசிப் பழகிய கை அல்லவா? துண்டுக்குள்ளேயே கலக்கி எடுத்தார். இப்போது எதில் எது என்று அவளுக்கும் தெரியாது.

சந்தேகப்படுகிறவர் முன்னால் கதிர் ஓடாது என்று செம்மல் நழுவப் பார்த்தார். ஜவ்வரிசி ஆலைக்காரர் விடவில்லை. "ஏழு சுவரையே தாண்டுறது, இந்தம்மா சந்தேகத்தைத் தாண்டாதுங்களா?"

முதல் பொட்டலம் பூபதியின் இடக்கைக்குப் போனது. செம்மல் அழுத்தினார். வலக்கை நின்றது. "இதுதான் மாணிக்கம்" என்று அவர் முழங்க, பூபதியே பிரித்தான். சிவப்பாக ஒரு துண்டு. நல்ல கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தான்.

"இது டெயில் லைட்டுங்க" என்றான். "ஒடைஞ்சது."

மண்டபம் குலுங்கிச் சிரித்தது. அடுத்த பொட்டலத்தை எச்சரிக்கையோடு அழுத்தினார். கை விழுந்தது. "இது போலி" என்றார். பிரித்தால், அவருடைய மாணிக்கமே பல்லிளித்தது.

மஞ்சுளா கணவனின் வெறுங்கையை நீட்டச் சொன்னாள். முழங்கை அருகே அழுத்தினாள், நின்றது. மணிக்கட்டில் அழுத்தினாள், இறங்கியது. "கையில கல்லே இல்லீங்க. எந்த எடத்துல அழுத்தறோமுங்கறதுதான் சூட்சுமம். எந்தப் பொட்டலம்னு தெரியாததால, எங்க அழுத்தறதுன்னும் செம்மலுக்குத் தெரியலீங்க."

ஏற்கெனவே கல் வாங்கியவர்கள் மேடையை நோக்கி நகர்ந்தார்கள். குருமூர்த்தி பந்தி மண்டபத்தின் பின்வாசல் வழியாக ஓடினான். எல்லாருடைய எதிர்காலமும் தெரிந்தவனுக்குத் தன் எதிர்காலம் அரை நிமிடம் முன்புதான் தெரிந்தது.

அப்போது சேந்தமங்கலத்துக் குடும்பத் தலைவர் மஞ்சுளாவின் அருகில் வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார். "ஏஞ்சாமி, கை நின்னுச்சே, அந்த டெயில் லைட்டு எந்த ராசிக்கு ஆகும்?"

"லாரிக்கு ஆகுமுங்க."

வெளியே வந்ததும் பூபதி, "ஆஸ்பத்திரில வலிக்குமா, மஞ்சு?" என்றான்.

"கொஞ்சம் வலிக்கும், மாமா. பொறவு ரோடு தெரியும்."

பூபதியின் புரையை மருத்துவர் ஒருநாள் காலையில் அகற்றிவிட்டார். நாக்பூர் லோடு அதற்குப் பிறகுதான் புறப்பட்டது. டெயில் லைட்டுக்கு ராசி கேட்ட பெருமக்களே, உங்கள் புரை கண்ணுக்குச் சற்று மேலே இருக்கிறது. அதை அகற்ற எந்த மருத்துவரும் வரமாட்டார். சிந்தித்து நீங்களேதான் அறுத்தெறிய வேண்டும். அதற்கு நல்ல நாள் பார்க்கக் கிளம்பிவிடாதீர்கள்.