கடவுச்சொல்லும் கடவுள் சொல்லும்

இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு, திருவருளை முன்னிட்டு ஒரு மகத்தான தீர்மானம் செய்தேன். இனி நான் ஜிலேபி உண்பதை என் மனைவி மாராத்தாள் காணலாகாது.

எங்கள் பனியன் கம்பெனிக்கு ராயபுரத்தில் அலுவலகம், அங்கே நான். திருமுருகன்பூண்டியில் செக்கிங் யூனிட், அங்கே அவள். குன்னத்தூரில் தையல். மூன்றையும் ரவுட்டர்கள் இணைத்தன. அலுவலகக் கேமராப் படம் மூன்றிடத்திலும் தெரியும். அதுதான் வினை. சர்க்கரை முந்நூறு என்று டாக்டர் சொன்ன நாள்முதல், அவள் துணியை விட்டு என்னைச் செக்கிங் செய்தாள். பூண்டி ரவுட்டரும் அவள் கையில். கற்பித்த பாவி நானே.

கிளை ரவுட்டரை மென்பொருள் ‘அண்டை’ என்னும். கிளைகளின் இணைப்பு எண் அன்றாடம் மாறும். ஆதலால், இன்ன எண் வரிசையிலிருந்து எவர் வரினும் அண்டையே என்று என் ரவுட்டரில் எழுதி வைத்திருந்தேன். இப்போது அதற்கொரு கடவுச்சொல் பூட்டினேன். குன்னத்தூருக்கு மட்டும் சொன்னேன். ரவுட்டர் பேர் கேளாது, ஊர் கேளாது. சொல் பொருந்தினால் ஆட்கொள்ளும். இறைவனின் இயல்பன்றோ என்று நெகிழ்ந்தேன்.

பூண்டி இணைப்பு அறுந்தது. போன் அடித்தது.

“ஏனுங்க, இங்க நெட்டு போயிருச்சுங்க.”

“பாதுகாப்பு வேலை நடக்குது மாரா.”

“யாருகிட்டீருந்துங்க?”

“வைரசு.”

“அப்படீங்களா.”

பொட்டலத்தைப் பிரித்தேன். மூன்றாம் ஜிலேபியில் மீண்டும் போன்.

“ஏனுங்க, அது மூணாவதுங்களா?”

கையிலிருந்த ஜிலேபி மேசையில் விழுந்தது.

“நீ எப்படி உள்ள வந்தே?”

“அவிநாசியப்பான்னு அடிச்சனுங்க. சேத்துக்கிச்சு.”

“யாரு சொன்னது?”

“நாப்பது வருசமா எதாச்சும் மறைக்கறப்பெல்லாம் அந்தச் சாமி பேரத்தானுங்களே கூப்புடறீங்க.” குரல் தழைந்தது. “போன மாசம் தலை சுத்தி உழுந்தீங்க. இங்க எனக்குக் கை ஓடலீங்க. அதுக்குத்தான் பாக்கறனுங்க.”

நெஞ்சு கசிந்தது. பொட்டலத்தை மூடினேன். ஆயினும் தீர்மானம் தீர்மானமே. ரிசீவரை மேசைமேல் கிடத்திவிட்டு, ஆங்கில எழுத்தில் புதுக் கடவுச்சொல் அடித்தேன். இறைநாமத்தை ஓதாமல் எழுதுதல் என் மரபன்று.

“தி… ரு… நீ… ல… கண்… டா…”

மேசையிலிருந்து மெல்லிய குரல் வந்தது:

“கடைசீல ஒரு ‘ஏ’ங்களா, ரெண்டு ‘ஏ’ங்களா?”