டக்காரில் தம்பிக்கு ஓர் அறை

அன்புத் தம்பி லாத்திருக்கு,

மெதினா பேட்டையிலிருந்து அண்ணன் வகான் ஃபாய் எழுதிக்கொண்டது. உன் மனைவி நலமா, பிள்ளைகள் நலமா, மாமியாரின் முழங்கால் நலமா, பிரான்சில் லியோன் நகரத்துக் குளிர் நலமா? இங்கே உன் அண்ணி, மகன்கள், மருமகள்கள், பேரப்பிள்ளைகள், வாசலில் கட்டியிருக்கும் ஆடு உட்பட எல்லோரும் சுகம்.

நிற்க. போனில், "அண்ணே, கடல் தெரியுற மாதிரி நல்ல ஓட்டலா பாத்து வை, சுத்திப் பாக்க என்னென்ன இருக்குன்னும் விசாரிச்சு எழுது" என்றாயே, பிறந்த ஊருக்கு வருகிறவன் பேசுகிற பேச்சா அது? ஓட்டல் கேட்டது நான்தான் என்பதுபோல உன் அண்ணி அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. ஆனாலும் தம்பி சொல்லைத் தட்டுவானேன் என்று, பெருநாளுக்குப் போடும் நீளங்கியை மாட்டிக்கொண்டு கடற்கரைச் சாலை ஓட்டலுக்குப் போனேன்.

வரவேற்பு மேசைக்காரரிடம் முறைப்படி குசலம் விசாரித்துப் பெயர் கேட்டால், லாமின் சானே என்கிறார். ஜோலாக்காரர்! செரேர் இனமும் ஜோலா இனமும் கண்ட இடத்தில் ஒருவரையொருவர் அடிமை என்று விளையாட்டாக வைதுகொள்வது பாட்டன் காலத்து உறவுமுறையாயிற்றே. செரேர்காரனான நான் முறைக்காரனைக் கண்டும் வையாமல் வந்தால் முன்னோர்கள் சும்மா விடுவார்களா? "அடிமைப் பயலே, எஜமான் நிக்கிறேன், உனக்கு நாற்காலி கேக்குதா?" என்றேன். "யாரு எஜமான்? உங்க தாத்தன் எங்க வீட்டுல நெல்லு குத்துனவன்யா. ஒரு பிடி சோத்துக்கு அங்கி மாட்டிட்டு வந்திருக்கான் பாரு" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பின்னால் பெட்டியோடு நின்ற வெளிநாட்டுத் தம்பதிக்கு இது விளங்குமா? கொலை விழப்போகிறது என்று காவலாளியை அழைத்தார்கள். தடியோடு ஓடி வந்தவரும் ஜோலா. நான் செரேர் என்று தெரிந்ததும் தடியைச் சுவரில் சாத்திவிட்டு, தன் பங்குக்கு என் பாட்டியையும் இழுத்து வைதார். தம்பதி அதே டாக்ஸியில் ஏறிப் போய்விட்டார்கள். சானே என்னைக் கையைப் பிடித்துப் பின்கட்டுக்குக் கூட்டிப்போய், ஊழியர்கள் சுற்றி உட்கார்ந்து உண்ணும் தாம்பாளத்தில் மீன்சோற்றுக்கு உட்காரவைத்தார். அங்கேதான் விஷயத்தைச் சொன்னேன். சானே சோற்றிலிருந்து கையை எடுத்துவிட்டார். "அண்ணன் வீடு இருக்கையில தம்பிக்கு ஓட்டலா? சாவி தர மாட்டேன்யா. எஜமானான என் மானம் போயிரும். என் வீட்டுல வந்து படுக்கச் சொல்லு." எப்படி இருக்கிறது? ஓட்டல்காரரே உன்னை வேண்டாம் என்கிறார்.

சுற்றிப் பார்ப்பதற்கும் விசாரித்தேன். ரோஜா நிற ஏரி இப்போதெல்லாம் அதற்குத் தோன்றினால்தான் ரோஜா நிறமாம். குன்றின் மேல் பெரிய சிலை, அண்ணாந்து பார்த்துக் கழுத்து பிடித்துக்கொண்டது. பிறகு கோரே தீவு. பயணிகள் படகிலிருந்து எறியும் காசுக்கு நாம் முங்கியது ஞாபகம் இருக்கிறதா? எடுத்த காசைக் கன்னத்தில் அடக்கியிருந்தவன், நான் சொன்ன எதற்கோ சிரித்து ஒன்றை விழுங்கிவிட்டாய். அம்மா அது வெளியே வரும்வரை உன் பின்னாலேயே அலைந்தாள். நேற்று அதே வழியில் படகேறிப் போனேன், விசாரிக்கத்தான். மேல்தட்டில் தனியாக நின்றபோது, சொல்வதற்கென்ன, அழுதுவிட்டேன். நீ போனதிலிருந்து நான் சொல்வதற்கு அப்படிச் சிரிக்க ஒருவரும் இல்லையடா.

ஆகவே ஓட்டல் பேச்சே எடுக்காதே. மாடியறைக்குச் சுண்ணாம்பு அடித்தாயிற்று. நம் வீடு இருக்கும்போது நீ வேறெங்கே தங்கினாலும் பேட்டையில் நான் தலைகாட்ட முடியாது. ஆண்டவன் உன்னைக் குடும்பத்தோடு நோய்நொடி இல்லாமல் எங்கள் வாசலில் கொண்டுவந்து இறக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அண்ணன் வகான்

பின்குறிப்பு: மேலே எழுதியதை உன் அண்ணிக்கு வாசித்துக் காட்டிவிட்டேன், அவளுக்குத் திருப்தி. இனி உனக்கு மட்டும். நீ வந்தால் பேட்டை முழுக்க இங்கே வந்து உட்கார்ந்துவிடும், உன்னோடு எனக்கு ஒரு வார்த்தை பேசக் கிடைக்காது. அதனால் சானேயின் கையைக் காலைப் பிடித்து அந்த ஓட்டலிலேயே இரண்டு அறை சொல்லிவிட்டேன். ஒன்று உன் மனைவி பிள்ளைகளுக்கு. இன்னொன்றில் இரண்டு கட்டில், உனக்கும் எனக்கும். தம்பிக்குத் தனியாகப் படுக்கப் பயம் என்று சானேயிடம் சொல்லி வைத்திருக்கிறேன். யார் கேட்டாலும் ஆமாம் என்று சொல்.